சீனத் தெருக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட

சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளும், குவாங்ஜோவில் 1957 முதல் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் கான்டன் பொருட்காட்சிக்குச் சரக்குப் பார்க்கப் போகும் வியாபாரிகளும் சாப்பாட்டுக்கு அடுத்தவர் கையையே எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. தெருக்கடைக்கு வேண்டிய மாண்டரின் மிகக் கொஞ்சம்தான். அதை எந்த வரிசையில் கற்பது என்பதற்கான குறிப்புகள் இவை. தமிழ் எழுத்தில் தந்திருப்பது ஒரு கைப்பிடி மட்டுமே. ஒவ்வொரு சொல்லையும் கைப்பேசியில் ஒலியோடு கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. கடைக்காரர் கேட்கப்போவதை முதலில் காதுக்குப் பழக்குங்கள். பாடப்புத்தகங்கள் நாம் பேச வேண்டியதையே சொல்லித் தருகின்றன. கடையில் நாம் திணறுவது எதிர்க்கேள்வி வரும்போதுதான். ‘ஜீ க?’ என்றால் எத்தனை வேண்டும். ‘யாவ் லா மா?’ என்றால் காரம் போடட்டுமா. ‘யாவ் ஷியாங்ட்ஸாய் மா?’ என்றால் கொத்தமல்லி வேண்டுமா. ‘ஜியா ஜீதான் மா?’ என்றால் முட்டை சேர்க்கட்டுமா. வேண்டும் என்றால் ‘யாவ்’, வேண்டாம் என்றால் ‘பூ யாவ்’. இந்த நான்கு கேள்விகளும் வேகமாகச் சொல்லும்போது பிடிபட்டுவிட்டால் பாதிக் கடைகளில் வேலை முடிந்தது.

2. மாண்டரினில் நான்கு தொனிகள் உண்டு. முதலாவது உயரத்தில் நேராக நிற்கும். இரண்டாவது, ஆச்சரியத்தோடு ‘என்ன?’ என்று கேட்பதுபோல் மேலே ஏறும். மூன்றாவது தாழ்ந்து அடியிலேயே தங்கும். நான்காவது, அதட்டிச் சொல்லும் ‘போ!’ மாதிரி சட்டென்று விழும். ‘தாங்’ என்பதை நேராகச் சொன்னால் சூப். ஏற்றிச் சொன்னால் சர்க்கரை. ‘ஷுவேய்ஜியாவ்’ என்பதில் முதல் அசையை ஏற்றி, இரண்டாவதைத் தாழ்த்திச் சொன்னால் வேகவைத்த கொழுக்கட்டை. இரண்டையும் விழ வைத்தால் தூக்கம். தொனியைத் தனியாகப் பயிற்சி செய்வதைவிட, ஒவ்வொரு உணவுப் பெயரையும் அதன் தொனியோடு சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது.

3. ஒலிப்பில் நமக்கு இரண்டு வசதிகள் இருக்கின்றன. மாண்டரினில் ‘ப’ இரண்டு வகை: மூச்சு விடாதது, மூச்சோடு வருவது. ‘பல்’, ‘தலை’, ‘கல்’ என்று நாம் இயல்பாகத் தொடங்கும் ஒலிகள்தாம் மூச்சு விடாத வகை. அடைத்த ரொட்டியான ‘பாவ்ட்ஸ’ இதில் சேரும். சீஆனில் ஆட்டுக்கறிச் சாற்றில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடும் ‘யாங்ழோ ப்ஹாவ்மோ’வில் வருவது மற்றது. உள்ளங்கையை வாய்க்கு முன் பிடித்தால் காற்றுப் பட வேண்டும். இரண்டாவது வசதி நம் ழகரம். மாண்டரினில் சொல்லின் தொடக்கத்தில் வரும் ரகரம் போன்ற ஒலி அதற்கு மிக அருகில் இருக்கிறது. இறைச்சி என்பதற்கு ‘ழோ’, சூடு என்பதற்கு ‘ழெ’. ழகரத்தைச் சுத்தமாகச் சொல்பவர் வாயில் இந்தச் சொற்கள் அழகாக விழும்.

4. கூப்பிடும் முறை முக்கியம். கடை நடத்துபவர் யாராக இருந்தாலும் ‘லாவ்பான்’ (முதலாளி) என்று அழைக்கலாம். நடுவயதைத் தாண்டிய அம்மாளை ‘ஆயீ’ என்று சொன்னால் அத்தை, சித்தி என்ற நெருக்கம் கிடைக்கும். நூடுல்ஸ் இழுப்பவர், அடுப்படியில் நிற்பவர் போன்ற கைத்தொழில்காரருக்கு ‘ஷீஃபு’.

5. எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு அளவுச் சொல் வேண்டும். கிண்ணத்துக்கு ‘வான்’, குச்சியில் கோத்ததற்கு ‘ச்சுவான்’, ஒரு ஆள் பங்குக்கு ‘ஃபன்’. எது என்று தெரியாதபோது ‘க’ போதும். ‘ஜெக, இ க’ என்று கைகாட்டினால் ‘இதில் ஒன்று’. இரண்டு வேண்டும் என்றால் ‘லியாங் க’. எண்ணும்போது சொல்கிற ‘அர்’ இங்கே வராது.

6. விலைப்பலகையில் கவனம் தேவை. பழம், வறுத்த கஷ்கொட்டை போன்றவற்றுக்கு எழுதியிருப்பது பெரும்பாலும் ஒரு ‘ஜின்’னுக்கான விலை. சீனப் பெருநிலத்தில் ஒரு ஜின் 500 கிராம், ஒரு ‘லியாங்’ 50 கிராம். ஷாங்காயில் அடி முறுகப் பொரித்த ‘ஷெங்ஜியென்’ கொழுக்கட்டையை லியாங் கணக்கில் விற்கும் கடைகள் உண்டு. அங்கே ஒரு லியாங் என்றால் வழக்கமாக 4 வரும். எப்படி விற்கிறீர்கள் என்று கேட்க ‘ஸன்ம மாய்?’, மொத்தம் எவ்வளவு என்று கேட்க ‘துவோஷாவ் ச்சியென்?’. யுவானைப் பேச்சில் ‘குவாய்’ என்பார்கள்.

7. எண்களை விரலோடு படியுங்கள். சீனர்கள் பத்துவரை ஒரே கையில் காட்டுவார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீண்டால் 6. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நீண்டால் 8. நாம் இரண்டு என்று நினைத்துவிடுவோம். ஆட்காட்டி விரலைக் கொக்கிபோல் மடக்கினால் 9. நான்கும் பத்தும் (‘ஸ்’, ‘ஷ்’) தென்பகுதி மக்கள் பேச்சில் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். அங்கே விரல்தான் காப்பாற்றும்.

8. பணம் பெரும்பாலும் கைப்பேசி வழியேதான். 2023 முதல் அலிபே, வீசாட் இரண்டிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைப்பது எளிதாகியிருக்கிறது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கடவுச்சீட்டு விவரத்தைக் கொடுத்துப் பதிந்துவிடுங்கள். ‘வோ ஸாவ் நீ’ என்றால் உங்கள் குறியீட்டை நான் ஸ்கேன் செய்கிறேன் என்று பொருள். சில்லறை நோட்டுகளும் கையில் இருக்கட்டும்.

9. காரம் நமக்குப் பழகியதுதான் என்று செங்டுவில் துணிந்துவிட வேண்டாம். அங்கே ‘லா’வோடு ‘மா’ சேரும்: சிச்சுவான் மிளகு (‘ஹுவாஜியாவ்’) உதட்டையும் நாக்கையும் மரத்துப்போகச் செய்யும். ‘வேய் லா’ (கொஞ்சம் காரம்) என்று தொடங்குங்கள். ‘பூ லா’ என்றாலும் மிளகாய் ஊறிய எண்ணெய் கொஞ்சம் வந்து சேரலாம்.

10. இறைச்சி விஷயத்தில் அரைகுறையாக நிற்காதீர்கள். வெறும் ‘ழோ’ என்றால் பல இடங்களில் பன்றி இறைச்சி. மாடு ‘நியூழோ’, ஆடு ‘யாங்ழோ’, கோழி ‘ஜீழோ’, பன்றி ‘ஜூழோ’. சீஆனின் புகழ்பெற்ற ‘ழோ ஜியா மோ’ ரொட்டியில் பொதுவாக வைப்பது பன்றி. அதே ஊரின் முஸ்லிம் தெருவில் மாடோ ஆடோ இருக்கும். ‘ச்சிங்ஜன்’ என்ற பலகை ஹலால் கடையைக் காட்டும். முன்பு அரபு எழுத்தும் சேர்ந்திருந்தது; இப்போது பல ஊர்களில் அதை நீக்கிவிட்டார்கள்.

சைவர்களுக்கு ‘வோ ச்சி ஸூ’ (நான் சைவம்) என்பது தொடக்கம் மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் கறித்துண்டை எடுத்துவிட்டு, எலும்புச் சாற்றிலேயே நூடுல்ஸ் தருவது நடக்கும். கொடுப்பவருக்குக் கெட்ட எண்ணம் இராது. ஆகவே ‘ஜூயோ’ (பன்றிக் கொழுப்பு), ‘ழோதாங்’ (கறிச் சாறு) வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கஷ்கொட்டை, சோயாப்பாலான ‘தோஜியாங்’, சர்க்கரைப் பாகில் தோய்த்த பழக்குச்சியான ‘தாங்ஹூலு’ ஆகியவை கவலை இல்லாதவை. முட்டை சாப்பிடுபவர்களுக்கு டியான்ஜின் ‘ஜியென்பிங்’ மிக நல்ல காலை உணவு. பச்சைப்பயறு மாவை வட்டக் கல்லில் தேய்த்து, முட்டை உடைத்துப் பரப்பி, சாஸ் தடவி மடித்துக் கொடுப்பார்கள். தொத்திறைச்சியை மட்டும் விலக்கச் சொல்லுங்கள்.

11. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் பேச்சை நம்பி நிற்கக் கூடாது. ‘வோ துய் ஹுவாஷெங் குவோமின்’ என்ற வாக்கியத்தைச் சீன எழுத்தில் அச்சடித்து அட்டையாகக் காட்டுங்கள். பொடித்த கடலையும் கடலை எண்ணெயும் எதிர்பாராத இடங்களில் இருக்கும்.

12. பொட்டலம் கட்டச் சொல்ல ‘தாபாவ்’. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது அன்றாடச் சொல்.

13. முழு எழுத்தும் படிக்கத் தெரிய வேண்டாம். சிலவற்றின் உருவம் போதும். இரண்டு பெட்டிகளை ஒரு செங்குத்துக் கோடு குத்திச் செல்வதுபோன்ற எழுத்து இரவில் சிவப்பு விளக்கில் எரிந்தால், அங்கே குச்சியில் கோத்துச் சுட்டது கிடைக்கும். கீழே திறந்த சட்டத்துக்குள் இரண்டு கூரைகள் அடுக்கியதுபோல் தெரிந்தால் அது இறைச்சி. பிடித்த உணவின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த ஊரில் அதைக் காட்டியே கேட்கலாம்.

14. சாப்பிட்டபின் பேசுவதற்கும் சொற்கள் வேண்டும். ‘ஹாவ் ச்சி’ (ருசி) என்பதை எல்லோரும் சொல்வார்கள். மொறுமொறுப்புக்கு ‘ட்ஸுவேய்’, நூடுல்ஸின் இழுவைக்கு ‘ஜின்தாவ்’, சாற்றின் சாரமான ருசிக்கு ‘ஷியென்’ என்று குறிப்பாகச் சொன்னால் சமைத்தவர் முகம் மாறும், பேச்சு தொடரும். வூஹானில் காலையில் எள் விழுது பிசைந்த ‘ழெ கான் மியென்’ சாப்பிடும்போது முந்துபவர்கள் நிறைய இருப்பார்கள். கூட்டம் குறையும் நேரம் பார்த்து ‘ஜெ ஷ் ஷன்ம?’ (இது என்ன?) என்று ஒவ்வொரு கிண்ணத்தையும் காட்டிக் கேளுங்கள். பதிலை அப்படியே கைப்பேசியில் பதிவு செய்யலாமா என்று அனுமதி கேட்டு, அறைக்குத் திரும்பியதும் நாலைந்து முறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள்.