கொக்கி ஏன் கழன்றுபோகிறது?

கேள்வி: மர மணிகளில் பிரேஸ்லெட் கோக்கிறேன். கொக்கி மாட்டிய இடம் மட்டும் சீக்கிரம் விட்டுவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, வெள்ளிமலை, கல்வராயன் மலை

பதில்: எதில் கோக்கிறீர்கள் என்பதுதான் முதல் விஷயம். நைலான் பூசிய கம்பியில் முடிச்சு நிற்காது. கிரிம்ப் மணி வேண்டும். கம்பியை அதற்குள் விட்டு, கொக்கி வளையத்தில் நுழைத்து, திரும்ப அதே கிரிம்ப் மணி வழியே இழுத்து, குறடால் நசுக்குங்கள். மிச்ச நுனியைப் பக்கத்து இரண்டு மூன்று மணிகளுக்குள் விட்ட பிறகே வெட்டுங்கள்.

மணிகளை நெருக்கி இறுக்காதீர்கள். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். கையைச் சுற்றி வளைக்கும்போது இழுவை முழுதும் முனையில் விழும். ஒரு சிறு மணி அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். இணைப்பு வளையத்தை அகட்டித் திறக்காமல், ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருகித் திறந்தால் வட்டம் கெடாது. ஊசிமணி, பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்கள் குறடு பிடித்துக் கம்பியைச் சுருட்டுவதை ஒருமுறை நின்று பாருங்கள். அந்தக் கைநேர்த்தி கற்கத் தகுந்தது.

உங்கள் மாவட்டத்து மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. மரத்தை அறிந்த ஊர்! மர மணியின் துளை விளிம்பு கரகரப்பாக இருந்தால் நூலை அறுக்கும். உப்புத்தாளை மெல்லச் சுருட்டித் துளைக்குள் தேய்த்துவிட்டுக் கோத்துக்கொள்ளுங்கள்.