இணையப் பக்கத்தில் பின்னணிப் படம்

நமது உறுப்பினர்களில் பலர் இப்போது கடைக்கென்று சொந்தமாக இணையப் பக்கம் வைத்திருக்கிறார்கள். பக்கம் அமைத்துக் கொடுப்பவர், மளிகைக் கடை என்றதும், மிளகாய் வற்றலும் பருப்பு வகைகளும் குவித்த வண்ணப் படம் ஒன்றைப் பின்னணியாகப் போட்டு, அதன்மேலேயே விலைப்பட்டியலை எழுதிவிடுகிறார். பார்வைக்கு எடுப்பாகத்தான் இருக்கும்.

மொத்த வியாபாரி ஒருவரின் பக்கத்தில் துவரம் பருப்பு கிலோ 168 ரூபாய் என்றிருந்ததை வெளியூர்க் கடைக்காரர் 163 என்று படித்து, 50 கிலோ மூட்டை பத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு 2,500 ரூபாய்க்குத் தகராறு. பழைய வாடிக்கையாளர் ஆயிற்றே என்று மொத்த வியாபாரிதான் விட்டுக் கொடுத்தார்.

காரணம் எளிது. படத்தில் ஓரிடம் வெளுப்பு, ஓரிடம் கறுப்பு. எழுத்தோ ஒரே நிறம். எங்காவது ஓரிடத்தில் மறைந்தே தீரும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்தானால் 3-க்கு 1 இருக்க வேண்டும் என்பது டபிள்யூ3சி வகுத்த அளவு. இதைச் சோதிக்க இணையத்தில் இலவச வசதி உண்டு. நம்மைக் கேட்டால், உச்சி வெயிலில் கடை வாசலில் நின்று கைப்பேசியில் படித்துப் பாருங்கள் என்போம். படம் பக்கத்தின் தலைப்பில் மட்டும் இருக்கட்டும். விலைப்பட்டியலுக்கு வெள்ளைப் பின்னணியே போதும். படத்தின்மேல் எழுதியே ஆக வேண்டுமென்றால், இடையில் கருமையான மெல்லிய திரை ஒன்றைப் போடச் சொல்லுங்கள்.

கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றக் கூடாது. ஒரு படமே 3, 4 எம்பி இருக்கும். சிக்னல் குறைந்த ஊர்களில் பக்கம் திறப்பதற்குள் வாடிக்கையாளர் மூடிவிடுவார். 200 கேபி-க்குள் சுருக்கச் சொல்லுங்கள்.

கணினித் திரை அகலமானது, கைப்பேசித் திரை நெட்டையானது. திரையை நிரப்பும்போது படத்தின் இரு பக்கமும் வெட்டுப்படும். கடையின் பெயர்ப் பலகையைப் படமெடுத்துப் போட்டால் பாதிப் பெயர்தான் தெரியும். தொலைபேசி எண்ணையும் படத்துக்குள் எழுதாதீர்கள். விரலால் தொட்டு அழைக்க முடியாது.

பட்டியலை அச்செடுத்துக் கடையில் மாட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அச்சில் பின்னணிப் படம் பெரும்பாலும் விடுபட்டுவிடும். வெள்ளை எழுத்தில் விலை போட்டிருந்தால், வெறும் தாள்தான் வெளியே வரக்கூடும்.