தோல் உரித்த வால்: தாதர் அடுக்களைக்கான செய்முறை

தாதர் நிலையத்துக்கு மேற்கேயுள்ள காய்கறிச் சந்தையில் மராத்தியர் ‘வால்’ என்று கேட்டு வாங்குவதும் தமிழர் மொச்சை என்று அறிந்ததும் ஒரே தாவரச் சிற்றினத்தின் வகைகளே. அவற்றுள் உருவில் சிறியதும் பழுப்பு நிறமுடையதுமான ‘கட்வே வால்’, அதாவது கசப்பு வால், கொங்கணத்தில் நெல் அறுவடைக்குப் பின் மண்ணில் எஞ்சும் ஈரத்தைக் கொண்டே விளைகிறது. உலர்ந்த விதை 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உள்ளது. அரிசிப் புரதத்தில் குறைவாயிருக்கும் லைசின் என்னும் அமினோ அமிலம் இதில் மிகுதியாதலால், சோற்றோடு உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

இரவு முழுதும் ஊறவைத்து, கசப்பேறிய நீரைக் கொட்டிவிட்டு, ஊறாமல் கல்லாக நிற்கும் விதைகளைப் பொறுக்கி எறிய வேண்டும்.

பலர் தடுமாறுவது அடுத்த நிலையில்தான். தமிழ்நாட்டுப் பிதுக்குப் பருப்புக்கு மொச்சையை ஊறவைத்த உடனே பிதுக்கிவிடலாம். கட்வே வாலின் தோலோ முளை வெளிவந்த பிறகே தளர்கிறது. ஆகவே நீரை முற்றிலும் வடித்து, மெல்லிய பருத்தித் துணியில் இறுக்காமல் முடிந்து, காற்றுப் புகும் துளைப் பாத்திரத்தில் ஒரு பகலும் இரவும் வைக்க வேண்டும். மும்பையின் மழைக்காலப் புழுக்கத்தில் முளை விரைவாக வருவதுபோலவே நாற்றமும் விரைவாக வருமாதலால், அம்மாதங்களில் ஒருமுறை இடையே அலசி, வேறு உலர்ந்த துணியில் மாற்றிக் கட்டுவது கட்டாயம். முளை அரை அங்குலத்தைத் தாண்ட விடக்கூடாது. தாண்டினால் இரு பருப்புகளும் பிரிந்து, பிதுக்கும்போதே உடைந்துவிடும். பின்னர் முளைவிட்ட விதைகளை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் இட்டு, முளைக்கு எதிர்முனையைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மெல்ல அழுத்தினால், பருப்பு முழுதாக நழுவி வரும். கொதிநீர் ஊற்றி அவசரப்படுத்துவோர் பருப்பைப் பாதி வேகவைத்துவிட்டு, தோலை அதனோடு ஒட்டவும் செய்துவிடுகின்றனர். இவ்வாறு தோல் நீங்கிய பருப்பே மராத்தியில் ‘டாளிம்ப்யா’ எனப்படுகிறது. தோலோடு நார்ச்சத்தில் ஒரு பகுதி போய்விடுவது உண்மைதான். ஆயினும் கசப்பும் அதனோடு போவதால் இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுமையற்றோர் சந்தையில் உரித்தே கிடைக்கும் வாலை வாங்கலாம். ஆனால் முகர்ந்து பார்த்துப் புளித்த வாடையற்றதை அன்றே சமைத்துவிட வேண்டும்.

சமைப்பதற்குக் குக்கர் கூடவே கூடாது. இரண்டு விசிலில் பருப்பு கூழாகிவிடும். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து மஞ்சளோடு பருப்பை இட்டு, குழிந்த தட்டால் மூடி அதன்மேல் நீர் ஊற்றி வைப்பதே கொங்கண வழக்கம்: மேலுள்ள நீர் தட்டைக் குளிரச் செய்வதால் உள்ளெழும் ஆவி துளிகளாகி மீண்டும் பருப்பில் விழுகிறது. உள்ளே வற்றும்போது, தட்டின்மேல் சூடேறியிருக்கும் அந்நீரையே சிறிது சேர்க்கலாம். கரண்டியால் கிளறாமல் பாத்திரத்தைக் குலுக்குவதே போதும். கோகம் என்னும் புளிப்புப் பழத்தோலாயினும் புளியாயினும், விதை நசுங்கும் பதம் வந்த பின்னரே சேர வேண்டும். புளிப்பு முன்னரே சேர்ந்தால் செல்சுவர்களைப் பிணைக்கும் பெக்டின் கரையாது நின்று, பருப்பு எவ்வளவு நேரமாயினும் விறைத்தே இருக்கும். வெல்லமும் தேங்காய்த்துருவலும் அதன்பின் வரட்டும்.

தமிழர் டபுள் பீன்ஸ் என்று வாங்கும் லீமா அவரை வேறு இனம். அதற்கு வேறு எச்சரிக்கை உண்டு. அதில் லினமாரின் என்னும் பொருள் இருக்கிறது. விதை சிதையும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சு வெளிப்படும். கடைகளில் விற்கும் வெள்ளை வகைகளில் இதன் அளவு குறைவே எனினும், ஊறவைத்த நீரைக் கொட்டி, புதுநீரில் பாத்திரத்தைத் திறந்து வைத்தே நன்கு கொதிக்கவிட வேண்டும். அந்நச்சு ஆவியாகி வெளியேறுவது அப்போதுதான். ராஜ்மாவையோ கொதிநிலையை எட்டாத ஸ்லோ குக்கரில் நேரடியாக இடவே கூடாது. அதன் லெக்டின் என்னும் நச்சுப்புரதம் முழுக் கொதியில் மட்டுமே அழியுமாதலால், முதலில் அடுப்பில் அரை மணி நேரம் தளதளவெனக் கொதித்த பிறகே அதை வேறு பாத்திரத்துக்கு மாற்றலாம்.