பத்து நானோமீட்டர் தள்ளி வை

உலோக நானோத்துகளால் உடனொளிர்வைக் கூட்டி உயிரி உணரி செய்ய வரும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “சார், எந்தச் சாயம் வாங்கலாம்?” என்பதைத்தான். “துகளிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்கப்போகிறாய்?” என்று நான் திருப்பிக் கேட்பேன்.

சாய மூலக்கூறு உலோகத்தை ஒட்டிக்கொண்டால் அதன் ஆற்றலை உலோகமே விழுங்கிவிடும், வெளிச்சம் வராது. மிகவும் விலகினால் துகள் இருந்தும் பயனில்லை. பலன் கிடைப்பது பெரும்பாலும் 5 முதல் 30 நானோமீட்டருக்குள், அதிலும் 10-ஐ ஒட்டி. 2006-இல் அங்கர், பரத்வாஜ், நோவோட்னி மூவரும் ஒற்றைச் சாய மூலக்கூறை நோக்கித் தங்கத் துகளை மெல்ல மெல்ல நெருக்கினார்கள். ஒளி ஏறிக்கொண்டே போய், மிக அருகில் சட்டென்று விழுந்ததை அளந்து காட்டினார்கள். இந்தத் துறைக்கு வருபவர்கள் முதலில் படிக்க வேண்டிய கட்டுரை அது.

இடைவெளிக்கு நான் நம்புவது சிலிக்கா ஓடு. ஸ்டோபர் முறையில் சிலிக்கேட்டின் அளவை மாற்றினால் ஓட்டின் தடிமன் மாறும். பலரும் கணக்கில் விடுவது ஆன்டிபாடியை. அதுவே சுமார் 10 நானோமீட்டர் நீளம். இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே இலக்குப் புரதத்தைப் பிடிக்கும் சோதனையில் 20 நானோமீட்டர் ஓடும் போட்டால் சாயம் எங்கோ போய்விடும். அங்கே மெல்லிய ஓடே போதும்.

ஃப்ளோரசீன் போன்ற பச்சைச் சாயத்துக்கு வெள்ளிதான். அந்த அலைநீளத்தில் தங்கம் ஒளியைத் தானே உறிஞ்சும், அதைச் சிவப்புக்கு மேற்பட்ட சாயங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பஃபரில் உள்ள குளோரைடு வெள்ளியை அரிக்கும், ஓடு இல்லாமல் இறக்காதீர்கள். துகளின் அளவும் முக்கியம். சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது, உறிஞ்சல் மூன்றாம் அடுக்கில்தான். அதனால் 10, 20 நானோமீட்டர் தங்கத் துகள் பெரும்பாலும் ஒளியை அணைக்கவே செய்யும்.

ஆயிரம் மடங்கு என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 2009-இல் தங்க வில்முடிச்சு ஆன்டெனாவில் 1,340 மடங்கு கிடைத்தது உண்மை, ஆனால் அந்தச் சாயத்தின் சொந்தக் குவாண்டம் விளைச்சல் 2.5 சதவீதமே. ஏற்கெனவே 90 சதவீதம் ஒளிரும் சாயத்துக்கு அவ்வளவு ஏற இடம் ஏது?

ஒளி கூடியதும் கொண்டாடாமல் ஒளிர்வு ஆயுளையும் அளந்து பாருங்கள். ஆயுள் துளியும் குறையாமல் வெளிச்சம் மட்டும் ஏறியிருந்தால், சொரசொரப்பான பரப்பில் கூடுதல் சாயம் ஒட்டியிருக்கலாம். ஆயுள் குறைந்ததை மட்டும் வைத்தும் முடிவுக்கு வராதீர்கள், அணையும்போதும் அது குறையும்.

கடைசியாக, நோய்க்குறிப்புரதம் இல்லாத சீரத்தையும் அதே பரப்பில் ஓட்டுங்கள். வெற்று மாதிரியும் பத்து மடங்கு பளிச்சென்றால் கண்டறியும் எல்லை ஓர் அங்குலமும் இறங்கியிருக்காது. கட்டுரை எழுதும்போது பெருக்க எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்த வெற்று மாதிரியின் அளவையும் போடுங்கள்.