படம் பார்ப்போம், பேசுவோம், பொறுப்பேற்போம்
படக்கதை நூல்கள் வழியே சமூகத் திறன்களை வளர்த்தல்

கதை முடிந்தது. “இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?” என்று கேட்டேன். “ஒற்றுமையே பலம், டீச்சர்!” என்று இரண்டாம் வகுப்பே ஒரே குரலில் சொன்னது. எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் கழித்து மதிய உணவு மணி அடித்தது. கை கழுவும் குழாயடியில் அதே பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். ஒரு சிறுமியின் தட்டு சேற்றில் விழுந்தது. எடுத்துக் கொடுக்க எவரும் குனியவில்லை.

கிருமாம்பாக்கம் வட்டாரத்தில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு எங்கள் பிள்ளைகளைப் பற்றி நன்றாகத் தெரியும். மேற்கே பாகூர்ப் பக்கத்து வயல்வெளிகளிலிருந்து வருவோர், கிழக்கே கடலோர மீனவ ஊர்களிலிருந்து வருவோர், புதுச்சேரி–கடலூர் சாலையை ஒட்டிய தொழிற்சாலைகளில் வேலை பார்ப்போரின் பிள்ளைகள் என ஒரே வகுப்பில் பல வீடுகள் சேர்கின்றன. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, கடைக்குப் போய்ச் சரியாகச் சில்லறை வாங்கி வருவது போன்ற பொறுப்புகளை வீட்டில் ஏற்கெனவே சுமக்கும் பிள்ளைகள் இவர்கள். அப்படியிருந்தும் பள்ளிக் குழாயடியில் அந்தப் பொறுப்புணர்வு ஏன் வரவில்லை? குறை பிள்ளைகளிடம் இல்லை, நான் கேட்ட கேள்வியில் இருந்தது என்பதைப் படக்கதை நூல்களுடன் வேலை செய்த பிறகுதான் உணர்ந்தேன். அந்த அனுபவத்தைப் பகிர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படக்கதை நூல் என்பது எது?

பாடநூலிலும் படங்கள் உண்டு. அங்கே பாடம் சொல்வதைப் படம் விளக்குகிறது. படக்கதை நூலில் சொல்லும் படமும் கதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சொல் சொல்லாத ஒன்றைப் படம் சொல்லும். ‘அவன் வீட்டுக்குப் போனான்’ என்பது சொல். தோள் தொங்கி, தலை கவிழ்ந்து போகிறான் என்பது படம். அவன் மனம் எப்படி இருக்கிறது என்பதைக் குழந்தைதான் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையும் இந்த வேலையில் முந்திக்கொள்ளும்.

குழந்தைக்குப் படம் வழியே கற்பிக்கும் எண்ணம் பழையது. கொமேனியஸ் என்னும் கல்வியாளர் 1658-இலேயே படங்கள் நிறைந்த பாடநூலை ஐரோப்பாவில் வெளியிட்டார். படத்தைக் காட்டுவதோடு குழந்தையைப் பேச வைப்பது எவ்வளவு பயன் தரும் என்பதை அமெரிக்க உளவியலாளர் குரோவர் ஒயிட்ஹர்ஸ்டும் அவர் குழுவினரும் 1988-இல் ஆய்வாக வெளியிட்டனர். வாசிக்கும் பெரியவர் கேள்வி கேட்டு, குழந்தையின் பதிலை விரித்து, மீண்டும் குழந்தையிடமே பேச்சைத் தருவது இம்முறை. மொழி வளர்ச்சிக்காக உருவான இதை ‘உரையாடல் வாசிப்பு’ எனலாம். சமூகத் திறன்களை வளர்க்கவும் இதே வழி கைகொடுக்கிறது.

கலைத்திட்டத்தில் இதன் இடம்

இது கூடுதல் வேலை அன்று. 2022-இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, 3 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்குச் சமூக, உணர்வு, நெறிசார் வளர்ச்சியைத் தனிக் களமாகவே வைத்துள்ளது. 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் மூன்று வளர்ச்சி இலக்குகளில் முதலாவது, குழந்தையின் நல்ல உடல்நலமும் நல்வாழ்வும். இரண்டாவது, குழந்தை திறம்படக் கருத்தைப் பரிமாறுவது. ஆகவே ஒரு படக்கதை நூலை வைத்துப் பேசும் அரை மணி நேரம் மொழிப்பாட வேளையில் இயல்பாகவே அடங்கும்.

எந்தத் திறன்களை எதிர்பார்க்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். என் பட்டியல் சிறியது: முறை வைத்துக் காத்திருத்தல், பிறர் பேசும்போது கேட்டல், உதவி கேட்டல், மறுப்பை மரியாதையாகச் சொல்லுதல், கோபத்தைச் சொல்லால் வெளிப்படுத்துதல், செய்த தவறைத் தானே வந்து சொல்லுதல், ஏற்ற வேலையை முடித்தல்.

நூல்களைத் தேர்ந்தெடுத்தல்

குழந்தை நூல்கள் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று ரூடின் சிம்ஸ் பிஷப் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1990-இல் எழுதினார். தன்னைக் காணக் கண்ணாடி, பிறரைக் காணச் சன்னல். நம் வகுப்புக்கு இரண்டும் தேவை.

சென்னையின் தூலிகா பதிப்பகத்தின் நூல்கள் பல தமிழிலும் இருமொழிப் பதிப்புகளாகவும் கிடைக்கின்றன. அவற்றில் சில:

• ‘கண்ணா பண்ணா’ – ஜாய் விட்டேக்கர் எழுதியது. அதிகம் பேசாத, கண் தெரியாத சிறுவன் உறவினருடன் குகைக்குச் செல்கிறான். விளக்கு அணைந்து எல்லாரும் தவிக்கும்போது வழிகாட்டுபவன் அவனே.
• ‘கேட்ச் தட் கேட்!’ – தாரிணி விஸ்வநாத் எழுதியது. சக்கர நாற்காலியில் செல்லும் சிறுமி, தோழியின் காணாமல்போன பூனையைத் தேடுகிறாள்.
• ‘மை ஃபிரெண்ட் தி சீ’ – சந்தியா ராவ் எழுதியது. 2004 சுனாமிக்குப் பின் கடலோரச் சிறுவனின் மனநிலையைச் சொல்வது.
• ‘இஸ்மத்ஸ் ஈத்’ – ஃபௌசியா கிலானி வில்லியம்ஸ் எழுதியது. இதைப் பற்றிப் பின்னர் விரிவாகக் காண்போம்.

வாங்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு நிலைகளில் சிறு நூல்களைத் தந்துள்ளது. பிள்ளைகளின் வாசிப்பு நிலையறிந்து நூல் கொடுக்க அந்தப் பகுப்பு நமக்கும் உதவும்.

ஒரு நூல், மூன்று நாள்: மாதிரிச் செயல்பாடு

இஸ்மத் ஒரு செருப்புத் தைப்பவர். ஈத் பண்டிகைக்காக வீட்டில் உள்ளவர்களுக்குப் பரிசும் தனக்கு ஒரு கால்சட்டையும் வாங்குகிறார். கால்சட்டை நீளமாக இருக்கிறது. குறைத்துத் தரும்படி மனைவியையும் அம்மாவையும் மகளையும் கேட்கிறார். பண்டிகை வேலையில் எவருக்கும் நேரமில்லை. அவரே வெட்டித் தைத்துவிடுகிறார். பிறகு, ‘பாவம், கேட்டாரே’ என்று எண்ணி ஒவ்வொருவரும் மற்றவருக்குச் சொல்லாமல் தனித்தனியே வெட்டிவிடுகிறார்கள்!

முதல் நாள் – பார்த்தல். பிள்ளைகளை அரைவட்டமாகத் தரையில் உட்கார வைத்து, நூலை அவர்கள் கண்மட்டத்தில் பிடித்து, படங்களை மட்டும் காட்டினேன். “இவர் முகத்தைப் பாருங்கள், என்ன நினைக்கிறார்?” என்பது மட்டுமே கேள்வி. ‘கோபம்’, ‘சோகம்’ என்ற இரண்டு சொற்களோடு தொடங்கியவர்கள், ‘ஏமாந்துட்டாரு’, ‘சலிச்சுக்கிறாங்க’ என்று தம் வீட்டுச் சொற்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றைக் கரும்பலகையில் அப்படியே எழுதினேன்.

இரண்டாம் நாள் – நிறுத்தி வாசித்தல். கதையை வாசித்து, யாராவது ஒரு முடிவெடுக்கும் இடத்துக்குச் சற்று முன்பு நிறுத்தினேன். “இஸ்மத் வந்து கேட்கிறார். அடுப்பில் வேலை இருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?” பிள்ளைகள் இருவர் இருவராக எழுந்து நடித்துக் காட்டினார்கள். ஒருத்தி, “இப்ப முடியாதுங்க, சாப்பாடு ஆனதும் தச்சுத் தரேன்” என்றாள். மறுப்பதிலும் அன்பு இருக்க முடியும் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. முடிவுப் பக்கங்களுக்கு முன்னால் கேட்ட கேள்வி: “தச்சாச்சு என்று யார் யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்?”

மூன்றாம் நாள் – நம்மோடு பொருத்துதல். ‘நீதி என்ன?’ என்று கேட்கவில்லை. “நம் வகுப்பில் இப்படி எப்போதாவது நடந்திருக்கிறதா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு பின்வரிசைச் சிறுவன் ஒருவன், “நம்ம துளசியும் அப்படித்தான் டீச்சர்” என்றான். வகுப்பு வாசலில் இருந்த துளசித் தொட்டிக்கு ஒரே நாளில் நான்கு பேர் தண்ணீர் ஊற்றியதும், அடுத்த சில நாள் எவருமே ஊற்றாததும், செடி பட்டுப்போனதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றே பிள்ளைகள் கேட்டு எழுதியதுதான் எங்கள் பொறுப்பு அட்டவணை. செடி, கரும்பலகை, வருகைச் சீட்டு, காலைப் பால் டம்ளர்கள், குழாயடி வரிசை என ஒவ்வொரு வேலைக்கும் இருவர் பெயர். முடித்தவர் பெயருக்கு எதிரே புள்ளி வைக்க வேண்டும். ‘செய்துவிட்டேன் என்று சொல்வதும் வேலையில் ஒரு பாதி’ என்பது கதையிலிருந்து அவர்களே எடுத்துக்கொண்ட விதி.

கிழிந்த புத்தகம் கற்பித்தது

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் வாசிப்பு மூலையில் ஒரு நூல் கிழிந்தபோது, கிழித்தது யாரென்று உரத்த குரலில் விசாரித்தேன். பதில் வரவில்லை. சில நாட்களில் இன்னும் இரண்டு நூல்கள் காணாமற்போயின. மீதியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆண்டு இறுதியில் பழைய பாய்களைப் புரட்டியபோது அந்த இரண்டு நூல்களும் அடியில் இருந்தன. இரண்டிலும் ஒவ்வொரு பக்கம் கிழிந்திருந்தது. திருடியவர் எவரும் இல்லை. பயந்து ஒளித்தவர்கள்தான் இருந்தார்கள். பொறுப்புணர்வைக் கற்பிக்க வைத்த நூல்களைக் கொண்டு ஒளிக்கக் கற்பித்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு அலமாரிப் பூட்டைக் கழற்றினேன். சன்னலோரம் கயிறு கட்டி, துணி கவ்வியால் நூல்களை மாட்டினோம். அருகில் ஓர் அட்டைப்பெட்டி – பிள்ளைகள் வைத்த பெயர் ‘புத்தக ஆஸ்பத்திரி’. உள்ளே செல்லோ டேப், பசை, கத்தரிக்கோல், பழைய செய்தித்தாள். கிழித்தவர் கொண்டுவந்து ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். விசாரணை கிடையாது. முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் வாரம் ஒரு சிறுவன் கிழிந்த நூலோடு என் மேசை அருகே வந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். “பெட்டி அங்கே இருக்கிறது, ஒட்டுவதற்கு யாரையாவது துணைக்கு அழைத்துக்கொள்” என்றேன். அதன்பின் பெட்டி ஓய்ந்ததில்லை. நூல்கள் இப்போதும் கிழிகின்றன, ஆனால் காணாமற்போவதில்லை.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

• கதைமாந்தரோடு வகுப்புப் பிள்ளையை ஒப்பிட்டு, ‘உன்னைப் போலவே’ என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. குறும்பு செய்பவனைப் பற்றிய கதை, வகுப்பில் எவருக்கும் தண்டனையாகிவிடக்கூடாது.
• சுனாமி, மரணம், பிரிவு குறித்த நூல்களைக் கடலோரப் பள்ளிகளில் எடுக்கும் முன் குடும்பச் சூழலை அறிந்துகொள்க. இன்றைய பிள்ளைகள் 2004 டிசம்பர் 26-க்குப் பின் பிறந்தவர்கள். ஆனால் அந்நாள் பல வீடுகளில் இன்னும் முடியவில்லை. பேச விரும்பாத பிள்ளை பேசாமலிருக்கலாம்.
• பெண் பிள்ளைகளுக்குப் பெருக்குவது, ஆண் பிள்ளைகளுக்கு மணி அடிப்பது என்று பொறுப்பு பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்க. வாரந்தோறும் சுழற்சி தேவை.
• ஒரே நூலைத் திரும்பக் கேட்டால் மறுக்க வேண்டாம். மூன்றாம் முறைதான் பல பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள்.

உயர்வகுப்பு ஆசிரியர்களுக்கு

படக்கதை நூல் சிறு பிள்ளைகளுக்கு மட்டுமானது அன்று. 7, 8-ஆம் வகுப்பு மாணவர்கள் வாரம் ஒருநாள் 1, 2-ஆம் வகுப்புக்கு வந்து வாசித்துக் காட்டலாம். தமிழ் வாசிப்பில் தடுமாறும் மாணவருக்கு, தம்பி தங்கைகளுக்காகப் பயிற்சி செய்வது கூச்சமில்லாத வாய்ப்பு.

அவர்களே நூல் உருவாக்கவும் இங்கே கதைகளுக்குப் பஞ்சமில்லை. தென்பெண்ணையாற்று நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைச் சிங்காரி, பங்காரி என்னும் இரு சகோதரியரோடு இணைத்து இப்பகுதியில் கதை சொல்வதுண்டு. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச்செய்து, 16 பக்கங்களில் படமும் சொல்லுமாக ஆக்கலாம். பொதுநீருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி, பாடநூலில் வருவதைவிட நெருக்கமாக அவர்களுக்குள் எழும்.

மதிப்பீடு

இதற்குத் தேர்வும் மதிப்பெண்ணும் வேண்டாம். ஒரு குறிப்பேட்டில் நாள், பிள்ளை, கண்டது என மூன்று கட்டங்கள் போதும். நாளொன்றுக்கு மூன்று பிள்ளைகளைக் கவனித்து ஒவ்வொரு வரி எழுதினால், 26 பேர் உள்ள வகுப்பை ஒன்பது பள்ளி நாட்களில் ஒரு சுற்று முடிக்கலாம். ‘நல்ல பிள்ளை’ என்று எழுதாமல், ‘பென்சிலைக் கேட்டு வாங்கினான்’ என்று கண்டதை எழுத வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டும்போது பெற்றோர் முகம் மலர்வதைக் காணலாம்.

எங்கள் குழாயடியில் இன்றும் சில நாள் தள்ளுமுள்ளு உண்டு. ஆனால் தட்டு விழுந்தால் குனிகிற பிள்ளைகளும் இப்போது உண்டு. ஆசிரிய நண்பர்களே, நாளை ஒரு படக்கதை நூலை எடுங்கள். முடிவெடுக்கும் பக்கத்துக்கு முன் நிறுத்துங்கள். நீதியைக் கேட்காமல், பிள்ளைகள் பேசும்வரை காத்திருங்கள். அவர்கள் சொன்னதைக் குறித்துவைத்து, அந்த வாரமே ஓர் உண்மையான வேலையை அவர்கள் கையில் கொடுங்கள்.