ஒரு மொழி, மூன்று எழுத்து

சின்னமனூர்ச் செப்பேடுகளின் தமிழ்ப்பகுதி வட்டெழுத்தில் அமைந்துள்ளது. அது தமிழேயாயினும் இன்று நம்மால் படிக்க இயலவில்லை. மொழி நிலைத்திருக்க, எழுத்து மாறுதல் உண்டு என்பதற்கு மலாய் மொழியும் தக்க சான்றாகும்.

மலேசியா, புரூணை, சிங்கப்பூர், சுமத்ராவின் கிழக்குக் கரை, தாய்லாந்தின் தென்கோடியிலுள்ள பட்டானி ஆகிய கடல்சூழ் நிலங்களில் மலாய் வழங்குகின்றது. இந்தோனேசியாவின் தேசிய மொழியும் அதன் வழிவந்ததே. இலங்கையிலும் மலாய் முஸ்லிம்கள் வாழ்கின்றனர்.

சுமத்ராவின் பாலெம்பாங் அருகே கிடைத்த கி.பி. 683ஆம் ஆண்டு மலாய்க் கல்வெட்டு பல்லவ எழுத்தில் உள்ளது. இஸ்லாம் பரவியபின் அரபு எழுத்தில் அமைந்த ஜாவி வழக்கிற்கு வந்தது. அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளியிட்டு எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். நம் முன்னோர் அரபுத் தமிழை அமைத்ததும் இம்முறையிலேயே. இன்று மலாய்க்கு உரோமன் எழுத்தே பெருவழக்கு. ஜாவி ஏடுகளைப் படிப்போர் அருகிவிட்டனர்.

நம் இல்லப் பெட்டிகளில் உறங்கும் அரபுத் தமிழ் ஏடுகளின் நிலையும் அதுவன்றோ? அவற்றைப் படிக்க வல்ல பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே, மாணவர்கள் அவர்களை அணுகி அவ்வெழுத்தைக் கற்றல் வேண்டும்.