மலையில் பிறந்த பிள்ளைகளின் ரத்தம்

ராணுவத்திலும் மத்திய அரசுப் பணியிலும் இருப்பவர்கள் லே நகருக்கு மாற்றலாகிப் போவதுண்டு. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் வீட்டுப் பையனும் லடாக்கியப் பையனும் அங்கே ஒரே வகுப்பில் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரின் ரத்தப் பரிசோதனையிலும் ஹீமோகுளோபின் 13 கிராம் என்று வந்தால், இருவரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள் என்று கொள்ளலாமா?

மலையில் பிராணவாயு குறைவு என்கிறோம். உண்மையில் காற்றில் அதன் விகிதம் எங்கும் சுமார் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். லேயில் அது கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் அதற்கேற்பக் குறையும். சிறுநீரகம் இதை உணர்ந்து எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை அதிகமாக உண்டாக்கும். சமவெளியிலிருந்து போகிறவர்களுக்குச் சில வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறுவது இதனால்தான். திரும்பி வந்தால் மெல்ல இறங்கிவிடும்.

ரத்தம் கூடினால் நல்லதுதானே என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். அளவு மீறினால் ரத்தம் கெட்டியாகி இதயத்துக்குச் சுமையாகும். பெரு நாட்டில் 4,300 மீட்டர் உயரத்திலுள்ள செர்ரோ தெ பாஸ்கோ போன்ற ஊர்களில் இது ஒரு நோயாகவே காணப்படுகிறது. 1920களில் கார்லோஸ் மோங்கே என்ற மருத்துவர் இதை விவரித்தார். பெரும்பாலும் வயது வந்த ஆண்களுக்கு வருவது. சிறு வயதில் ஆண், பெண் பிள்ளைகளின் ஹீமோகுளோபின் அளவில் பெரிய வேறுபாடு கிடையாது. பருவ வயதில்தான் டெஸ்டோஸ்டிரோன் சுரந்து பையன்களுக்கு அது ஏறுகிறது. பெண்களுக்கு மாதவிலக்கில் இரும்புச்சத்து வெளியேறுகிறது.

திபெத்தியர் கதை வேறு. ஏறத்தாழ 4,000 மீட்டரில் வாழும் திபெத்திய ஆண்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் சராசரி 15.6 கிராம்தான். அதே உயரத்தில் பொலிவியாவின் அய்மாரா ஆண்களுக்கு 19.2 கிராம். பிறந்த குழந்தையிலேயே இந்த வேறுபாடு உண்டு. லாசாவில் நடந்து 1995இல் வெளியான ஆய்வில், தொப்புள்கொடி ரத்தத்தில் திபெத்தியக் குழந்தைகளுக்கு 16.7 கிராமும், ஹான் சீனக் குழந்தைகளுக்கு 18.6 கிராமும் இருந்தன. கூடுதல் இருந்த பிள்ளைகள்தான் திணறின! நான்கு மாதத்தில் அமைதியாகத் தூங்கும்போது ரத்தத்தின் பிராணவாயு நிறைவு ஹான் குழந்தைகளுக்கு 76 சதவீதமாக இறங்கியது; திபெத்தியக் குழந்தைகளுக்கு 86. தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்ந்ததில் திபெத்தியரிடையே பரவிய ஈபாஸ்1 என்ற மரபணு வடிவமே ஹீமோகுளோபின் மிகையாக ஏறாமல் தடுக்கிறது என்று 2010இல் கண்டறிந்தார்கள்.

இனி அந்த 13 கிராமுக்கு வருவோம். 5 முதல் 11 வயது வரை 11.5க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது சமவெளிக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி 3,500 மீட்டரில் இந்த எல்லையோடு 2.5 கூட்ட வேண்டும், 14 ஆகிறது. நம் பையனின் 13 பார்வைக்கு நன்றாக இருந்தாலும், அங்கே சில மாதங்கள் தங்கிய பிறகும் அதே அளவு என்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். இரும்பு இல்லாமல் மஜ்ஜை எதை வைத்துச் சிவப்பணு செய்யும்? திபெத்தியரோடு வம்சத் தொடர்புள்ள லடாக்கியப் பையனுக்கோ அதே 13 இயல்பானதாக இருக்கக்கூடும். ஒரே அட்டவணையை எல்லோருக்கும் போட்டால் ஆரோக்கியமான பிள்ளைக்கும் ரத்தசோகை என்று எழுத நேரும் என்ற வாதம் ஆய்வாளரிடையே இருக்கிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆகவே பரிசோதனைச் சீட்டைக் காட்டும்போது எந்த ஊரில், எத்தனை மாதம் இருந்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். ஃபெரிட்டின் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். கைக்குழந்தையோடு மாற்றலாகிப் போகிறவர்கள் புறப்படும் முன்பே குழந்தை மருத்துவரைப் பார்ப்பது அவசியம். பெரிய பிள்ளைகளுக்குக் கீரையும் பருப்பும் எலுமிச்சம்பழமும் போடுங்கள். சாப்பாட்டோடு காபி, டீ மட்டும் வேண்டாம். அவை இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும்.